போட்டோகிராபருக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி

டர்பன் கோயில் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கு நாள் குறித்ததுமே பந்தல்காரருக்கும் பூக்காரருக்கும் முன்பணம் போய்விடுகிறது. படம் எடுக்க வரும் பையனிடம் மட்டும் "முருகனுக்குச் செய்கிற சேவைதானே தம்பி" என்கிறீர்கள். அவனும் மறுக்க மாட்டாமல் வந்து நிற்கிறான். நானும் அப்படி நின்றவன்தான். ஒரு கோயிலுக்குச் சும்மா எடுத்துக் கொடுத்த படத்தை மறுவருஷம் காலண்டரில் அச்சடித்து விற்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? உச்சி வெயிலில் அலகு குத்தியவர் கன்னத்தில் வெள்ளி வேல் பளீரென்று மின்னும். அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் கறுத்துப்போகும். முகத்துக்காகக் கூட்டினால் வேல் வெறும் வெள்ளைக் கோடு. அவரோ நிற்க மாட்டார், பின்னால் கூட்டம் நெட்டித் தள்ளும். அப்புறம் கருவறைப் பக்கம் ஓடினால் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். ஃபிளாஷ் போட்டால் குருக்கள் முறைப்பார், அவர் முறைப்பதும் நியாயம். ஏ.சி. காரை விட்டு இறங்கினால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் வேறு பனித்துப்போகும். திருவிழா முடிந்த பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் பொறுக்குவது தனிக்கதை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் படம் எடுக்கச் சொல்லி அதற்குக் காசோ காசு பெறுமானமோ கொடுத்தால், அல்லது கொடுக்க ஒப்புக்கொண்டால், பதிப்புரிமை அவருக்கே போகும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் வழி உண்டு. சுயமாகத் தொழில் செய்பவன் சும்மா எடுத்துக் கொடுத்தால் உரிமை அவனிடமே நிற்கும். அந்தக் காலண்டர் யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (அன்னதானச் சாப்பாட்டைக் காசு பெறுமானம் என்று வாதாட எந்த வக்கீலும் வரமாட்டார் என நம்புகிறேன்.)

இந்த ஊரில் கேமராக்காரர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவில் பிறந்த ரஞ்சித் கல்லி செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு ட்ரம் பத்திரிகைக்காக விடுதலைப் போராட்டத் தலைவர் லுத்துலியையும் பாடகி மிரியம் மகேபாவையும் படமெடுத்தார். அவருடைய முதல் தனிக் கண்காட்சி 2004இல்தான் நடந்தது, எண்பதை நெருங்கும் வயதில்! இன்று படிக்கவும் இடம் இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே போட்டோகிராபி சொல்லித் தருகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் போட்டோகிராபர் டேவிட் கோல்ட்பிளாட் 1989இல் தொடங்கிய மார்க்கெட் போட்டோ வொர்க்‌ஷாப் இருக்கிறது. படித்துவிட்டு வரும் நம் பிள்ளைக்கு முதல் வேலை தருவது கோயிலும் கல்யாண வீடும்தான். அங்கேயே கூலி கிடையாது என்றால், "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று அவன் அம்மா கேட்பதில் என்ன தப்பு?

அடுத்த காவடிக்கான பட்ஜெட்டில் ஒரு வரி சேருங்கள். எவ்வளவு கூலி, என்றைக்குத் தருவீர்கள், படத்தை எங்கெல்லாம் போடுவீர்கள், எடுத்தவன் பெயர் வருமா என்று ஒரே ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டால் போதும். பெரிய தொகை தர முடியாத சின்னக் கோயில் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறைத்துக்கொள்ள எங்களில் பலர் தயார்.

இப்படிக்கு,
டர்பன் போட்டோகிராபர் ஒருவன்