பேருந்துக்கு முதலில் வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேகமாக வளரும் நகரங்களின் போக்குவரத்து குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை மின்பேருந்து, மெட்ரோ, மேம்பாலம் மூன்றையும் விரிவாகப் பேசியது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது மட்டும் அதில் இல்லை. பேருந்துச் சேவையின் செலவும் தரமும் பெருமளவு அந்த வேகத்தைப் பொறுத்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

12 கி.மீ. நீளமுள்ள ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். நிறுத்தம், சிக்னல் எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. போக ஒரு மணி, வர ஒரு மணி, இரு முனைகளிலும் சேர்த்து 15 நிமிட ஓய்வு என்றால் ஒரு சுற்றுக்கு 135 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 27 வண்டிகள் வேண்டும். வேகம் 18 கி.மீ. ஆனால் சுற்று 95 நிமிடத்தில் முடியும். 19 வண்டிகள் போதும். மிஞ்சும் எட்டையும் அதே தடத்தில் ஓட்டினால் மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று வரும். ஓடும் தூரத்துக்கு ஏற்ப எரிபொருள் கூடுமே தவிர, புது வண்டியும் வேண்டாம், புது ஓட்டுநரும் வேண்டாம். 'பேருந்து பற்றவில்லை' என்று சொல்லும் நகரங்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேரத்தின் கணிசமான பகுதி நிறுத்தங்களில் போகிறது. ஒரே கதவில் ஏறி, ஏறும்போதே காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஒருவருக்குச் சுமார் நான்கு வினாடி ஆகும். 30 பேர் ஏறும் நிறுத்தத்தில் அது இரண்டு நிமிடம். சீட்டை முன்பே வாங்கி, எல்லாக் கதவுகளிலும் ஏறி, படி இல்லாமல் மேடையிலிருந்து நேரே உள்ளே நுழைய முடிந்தால் அதே கூட்டம் அரை நிமிடத்தில் ஏறிவிடும். 1974இல் பேருந்துக்குத் தனிப்பாதை தந்த பிரேசிலின் குரிடிபா நகரம், 1991இல் குழாய் வடிவ நிலையங்களைக் கட்டியது இதற்காகத்தான்: கட்டணம் நிலையத்தின் வாசலில், மேடை பேருந்துத் தளத்தின் உயரத்தில். ஊர் முழுக்க நிலையம் கட்ட முடியாவிட்டாலும், கூட்டம் மிகுந்த பத்து நிறுத்தங்களில் நெரிசல் நேரத்தில் மட்டும் ஒரு நடத்துநரைத் தரையில் நிறுத்திச் சீட்டு கொடுக்கலாமே.

நிறுத்தத்தின் இடமும் வடிவமும்கூட நேரத்தைத் தின்கின்றன. பேருந்து ஒதுங்கி நிற்கட்டும் என்று நடைபாதையைக் குடைந்து வளைவு கட்டுகிறார்கள். பின்னால் வரும் கார்களுக்கு அது வசதி. பேருந்துக்கோ, கிளம்பும்போதெல்லாம் கார்வரிசையில் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய தொல்லை. வேகம் குறைந்த நகரச் சாலைகளில் நடைபாதையையே வெளியே நீட்டி, பேருந்து தன் பாதையிலேயே நின்று கிளம்பச் செய்வதுதான் சரி. வண்டிகள் விரைந்து செல்லும் அகன்ற சாலைகளில் மட்டும் வளைவு இருக்கலாம். அதேபோல், சிக்னலுக்கு முன்னால் இருக்கும் நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றி முடிக்கும்போது பச்சை போய்விடும். சந்தியைக் கடந்தபின் நிறுத்தம் வைத்தால் அந்த இரட்டைக் காத்திருப்பு பெரும்பாலும் இராது.

அடுத்தது, அரை மணி நேரம் காணாமல் போய் மூன்று வண்டிகள் சேர்ந்தாற்போல் வருவது. ஓட்டுநர்களின் அலட்சியம் என்று இதைத் திட்டுவது நியாயமில்லை. சற்றே தாமதமாகும் பேருந்துக்கு நிறுத்தத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். ஏற்றுவதால் மேலும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது, அது நெருங்கிவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1964இலேயே இதைக் கணிதமாகக் காட்டிவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டியவை இரண்டிரண்டாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், பயணியின் சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடத்திலிருந்து ஐந்தாகிறது. அந்தத் தடத்தில் இன்னொரு வண்டி விட்டால் அதுவும் அந்தக் கூட்டத்தில்தான் போய்ச் சேரும். பேருந்து அடிக்கடி ஓடும் தடங்களில் கால அட்டவணையைத் துரத்துவதை விட்டுவிட்டு, வழியில் இரண்டு மூன்று இடங்களில் பின்வண்டியை ஓரிரு நிமிடம் நிறுத்தி இடைவெளியைச் சீராக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவி ஏற்கெனவே வண்டிகளில் இருந்தால், அதைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒருவரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைப்பது மட்டுமே பாக்கி.

இருந்தும், தனிப்பாதை இல்லாமல் இவை ஓரளவுக்கே கைகொடுக்கும். கார்கள் ஓடும் ஒற்றை வரிசைப் பாதையில் மணிக்குச் சுமார் 600 முதல் 1,600 பேர் கடக்கிறார்கள். அதே அகலத்தைப் பேருந்துக்கு ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை கடக்கலாம். பெயிண்ட் கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மறுநாளே அங்கே வண்டிகள் நிற்கும். நைஜீரியாவின் லாகோஸ் 2008இல் 22 கி.மீ. தடத்தை எளிய முறையில் அமைத்தபோதும், பெரும்பகுதியைக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளால் பிரித்தது.

டெல்லியில் 2008இல் தொடங்கிய பேருந்துத் தனிப்பாதை 2016இல் அகற்றப்பட்டது. அதை வைத்து 'இது நமக்கு ஒத்துவராது' என்று சொல்பவர்கள் சந்திகளைக் கவனிப்பதில்லை. நடுச்சாலையில் பேருந்து ஓட, இருபுறமும் மற்ற வண்டிகள் எல்லாத் திசையிலும் திரும்ப அனுமதித்தால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனிப் பச்சை வேண்டும்; சிக்னல் சுற்று நீளும்; பேருந்து, கார் இரண்டுமே காத்துக் கிடக்கும். பேருந்துப் பாதையைக் குறுக்கே வெட்டும் திருப்பங்களைத் தடுத்து, வண்டிகளை வேறு வழியாகச் சுற்றி வரவிட்டால் சிக்னல் சுற்றின் நேரம் பாதியாகக்கூடக் குறையலாம். நடுச்சாலை நிறுத்தத்துக்கு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தால் அந்தத் திட்டம் தோற்பதே முறை. அங்கே மேடாக்கிய கடப்பிடமும் இடையில் நின்றுகொள்ளத் திட்டும் கட்டாயம்.

இயக்குபவருக்குப் பணம் தரும் விதமும் முக்கியம். சீட்டு வருமானமே கூலி என்றால் கூட்டமுள்ள தடத்தில் பந்தயம் நடக்கும், இரவிலும் புறநகரிலும் வண்டியே வராது. தென்கொரியத் தலைநகர் சியோல் 2004இல் ஓடும் தூரத்துக்குப் பணம் என்று மாற்றியது. நடுச்சாலைத் தனிப்பாதைகளும், வண்டி மாறினாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம் என்ற முறையும் கூடவே வந்தன. தூரத்துக்கு மட்டும் பணம் தந்தால் காலி வண்டி ஓட்டியும் கணக்கு காட்டலாம் என்பதால், இடைவெளிச் சீர்மையை வைத்துப் பணத்தில் பிடித்தமும் ஊக்கத்தொகையும் சேர்க்க வேண்டும்.

மின்பேருந்துக்கு நான் எதிரி அல்ல. சீனாவின் ஷென்சென் 2017 முடிவில் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது பெரிய சாதனை. ஆனால் 12 மீட்டர் வண்டி கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் எடுக்கும். நாளுக்கு 200 கி.மீ. ஓடும் நூறு வண்டிகளுக்குச் சுமார் 25,000 யூனிட். அதை இரவில் ஆறு மணி நேரத்தில் ஏற்ற, பணிமனைக்கு நான்கு மெகாவாட்டுக்கு மேல் இணைப்பு தேவை. வண்டி வந்து இறங்கிய பிறகு மின்மாற்றிக்கு விண்ணப்பித்தால் புத்தம்புது வண்டிகள் கொட்டகையில் நிற்கும். இங்கும் பேச்சு வேகத்தில்தான் வந்து நிற்கிறது: குளிர்சாதனம் 8 கிலோவாட் இழுக்கிறது என்றால், மணிக்கு 20 கி.மீ. ஓடும்போது அதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு 0.4 யூனிட், 10 கி.மீ. வேகத்தில் 0.8. நெரிசலில் ஊரும் மின்பேருந்து இவ்வாறு தன் பேட்டரியைத் தானே காலி செய்துகொள்கிறது.

வளரும் நகரங்களுக்குப் பழைய நகரங்களிடம் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது: புறநகரின் தெருக்கள் இன்னும் காகிதத்தில்தான் உள்ளன. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே, ஒன்றோடொன்று இணையும் தெருக்களையும், முக்கியச் சாலையில் பேருந்துக்குத் திசைக்கு 3.5 மீட்டரையும், 1.8 மீட்டருக்குக் குறையாத நடைபாதையையும் வரைபடத்தில் கட்டாயமாக்கலாம். வீடுகள் எழுந்தபின் அதே நிலத்தை மீட்பதற்கு இழப்பீடும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை எந்த நகரமாவது 'புதிதாக இத்தனை பேருந்துகள்' என்று அறிவிக்கும்போது, நெரிசல் நேரத்தில் அங்கே பேருந்தின் சராசரி வேகம் என்ன, அடுத்தடுத்த வண்டிகளின் இடைவெளி எவ்வளவு மாறுபடுகிறது, தனிப்பாதை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, செய்தியோடு சேர்த்து வெளியிடுங்கள். முதல் இரண்டும் ஜிபிஎஸ் பதிவுகளிலிருந்து எடுக்கக்கூடியவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்