என் ஆம்ப்ளிஃபயரையும் என்னையும் கைவிடாதவர்களுக்கு

அன்புள்ள பல்லாவரம் ஐயா, தண்டையார்பேட்டை அண்ணன், ரிச்சி தெருக் கடைக்காரர், மூர் மார்க்கெட் பெரியவர், போரூர் தம்பி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் கட்டும் பைத்தியத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மொட்டைமாடியில் கூடும் மற்ற நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதக் கூடாது என்று உங்களில் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் ஊர்ப்பெயரால் அழைக்கிறேன். நேரில் நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம் பேச்சை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திருப்பிவிட்டீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் திறக்கவில்லை, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. நோட்டுப் புத்தகமும் அழைப்பிதழும் அச்சடித்துப் பிழைத்த அச்சகம் ஒன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சில மாதங்கள் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அதை மூடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் செயலிழந்தன. பேச்சு குழறியது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் மொட்டைமாடிப் பக்கம் வராமல் போனதற்குக் கையில் காசில்லாதது மட்டும் காரணமல்ல. கேட்க வேண்டும் என்ற ஆசையே அற்றுப்போயிருந்தது. அப்பா கண் அசரும் ஒரு மணி நேரத்தில் வீட்டில் மின்விசிறிச் சத்தம்கூட எனக்கு அதிகமாகப் பட்டது. சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் ஒரு வேலையும் ஓடாது. எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் இதை விற்றால் எத்தனை நாள் மருந்து வாங்கலாம் என்று மனம் கணக்குப் போடும். ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஐசி சில்லு நல்லது, தாழ்ந்த ஒலி தரும் எந்த வூஃபர் ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி அடிக்க வேண்டும், யார் காதுக்கு எது இதம் என்று இரவு பத்து மணிவரை வாதாடும் கூட்டம் நம்முடையது. அங்கே சொல்ல ஒரு சொல்லும் இல்லாமல் ஒருவன் உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. அதனால் ஒதுங்கினேன்.

நீங்கள் யாரும் "ஏன் வருவதில்லை" என்று கேட்கவில்லை. "வந்தால் மனசு லேசாகும்" என்று வற்புறுத்தவும் இல்லை. நான் முதலில் நன்றி சொல்ல விரும்புவது இதற்குத்தான். துன்பத்தில் இருப்பவனிடம் பழைய உற்சாகத்தை எதிர்பார்ப்பது அவன் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. நல்ல மனம் படைத்தவர்களே அதைச் செய்துவிடுவார்கள். நீங்கள் செய்யவில்லை.

தண்டையார்பேட்டை அண்ணனுக்கு: ஆம்ப்ளிஃபயரை விற்கிறேன் என்று நான் உங்களைத்தான் முதலில் அழைத்தேன். எல்எம்3886 ஐசி இரண்டு போட்டு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கப் பக்கத்துக்குப் பத்தாயிரம் மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் சுற்றவைத்துக் கட்டியது அது. அந்த ஐசி நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு 68 வாட் தரக்கூடியது என்று தயாரித்தவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட யாரும் திறந்து கேட்டதில்லை. நீங்கள் விலை பேசவில்லை. நான் கேட்டதற்கு மேல் கொடுத்து, "இது என்னிடம் இருக்கட்டும், உனக்கு வேண்டும் என்றபோது எடுத்துக்கொள்" என்றீர்கள். நான் அதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, துணிமணிகளுக்கு முன்பாக என் பெட்டியை மாடிக்கு ஏற்றினீர்கள் என்று பிற்பாடு அண்ணிதான் சொன்னார். நான் அதைத் திரும்பக் கேட்பேனா என்பதுகூட அன்று தெரியாது. பழைய வேட்டியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு வைத்திருந்தீர்கள். எனக்காக இப்படிப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

ரிச்சி தெருக் கடைக்காரருக்கு நான் பட்டிருப்பது சோற்றுக் கடன். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அண்ணா சாலையிலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்புகிறவர்களுக்கு இன்று முதலில் கண்ணில் படுபவை கைப்பேசி உறைகளும் கண்காணிப்புக் கேமரா வயர் சுருள்களும்தான். உங்கள் கடை முகப்பும் அப்படித்தான் மாறியது. ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவர்களை நம்பிக் கடை நடத்த முடியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் பின்பக்கத்து மர அலமாரிச் சிறு இழுப்பறைகளை நீங்கள் அகற்றவில்லை. 2என்3055 என்ற டிரான்சிஸ்டரைக் கேட்டு வருகிற பையனிடம், போலியை ரம்பத்தால் அறுத்துத் திறந்து, உள்ளே எள்ளளவு இருக்கும் சில்லைக் காட்டி, "இதுவா அத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்று கேட்பீர்கள். அந்தப் பாடத்துக்கு நீங்கள் காசு வாங்கியதே இல்லை.

வேலை போன பிறகு ஒருநாள், மீதமிருந்த பாகங்களை உங்களிடமே விற்றுவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பையைத் திறக்கவிடாமல் டீ வரவழைத்தீர்கள். "ஜிஎஸ்டி கணக்கு பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், மாதாமாதம் போட்டுக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கர் இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரிடமும் பேசி, பாதி வேலையை எனக்குப் பிரித்துக் கொடுத்திருந்தீர்கள். அடுத்த மாதம் எதிர்க்கடை, அதற்கடுத்த மாதம் மாடியில் இருக்கும் சர்வீஸ் கடை என்று அந்தத் தெருவே எனக்குச் சம்பளம் கொடுத்தது. நான் கணக்கு எழுதத்தான் வந்துபோனேன். அந்த இழுப்பறைகளின் பக்கம் திரும்பியும் பார்க்காமல் போவேன். அதையும் கவனித்திருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கணக்கர் ஐயாவுக்கும் இந்த மடலிலேயே என் வணக்கம்.

போரூர் தம்பி, உனக்கு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஆசாகி காசெய் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பிடித்தது. டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றுகிற, அந்த நிறுவனத்தின் ஏகேஎம் சில்லுகள் உலகம் முழுவதும் கிடைக்காமல் போயின. பெரிய நிறுவனங்களே அதற்குப் பிறகு தங்கள் கருவிகளை வேறு சில்லுக்கு மாற்றி வடிவமைக்க வேண்டி வந்தது. நீ கட்டத் தொடங்கியிருந்த கருவியும் பாதியில் நின்றது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்து, இதையெல்லாம் விரிவாகச் சொல்லுவாய். நான் "ம்" கொட்டினால் போதும் உனக்கு. அப்பாவின் உடல்நிலையை எல்லோரும் விசாரித்தார்கள், அது அவர்கள் அன்பு. நீ ஒருவன்தான் அதைத் தவிர வேறு ஒன்றைப் பேசினாய். அந்தப் பத்து நிமிடங்கள் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தன என்பது உனக்குத் தெரிந்திருக்காது.

அப்பாவுக்கு நீ செய்துகொடுத்த ரேடியோவைப் பற்றி ஊருக்கே சொல்ல ஆசை. இலங்கை வானொலியைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்டு வளர்ந்த மனிதர் அவர். அவருடைய டிரான்சிஸ்டரில் ஒலியைக் கூட்டும் சக்கரம் வலப்பக்க விளிம்பில் இருந்தது, கட்டை விரலால் உருட்ட வேண்டும். விழுந்த கைக்கு அது எட்டாது, இடக்கைக்கும் வசப்படாது. நீ பெட்டியைத் திறந்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இடப்பக்கம் துளை போட்டுப் பெரிய பொத்தான் ஒன்றைப் பொருத்தினாய். பழைய ஸ்டீரியோவிலிருந்து எடுத்த, ஓரம் சொரசொரப்பான பொத்தான். உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்பினால் போதும். நிலையம் மாற வேண்டிய தேவையே இல்லாதபடி 720 கிலோஹெர்ட்சில் சென்னை வானொலியை வைத்து, முள்ளை நகராமல் நிறுத்தினாய். யாரையும் கூப்பிடாமல் அப்பா தானே செய்துகொண்ட முதல் காரியம் அந்த ரேடியோவைப் போட்டதுதான். இப்போது கைத்தடி பிடித்து வாசல்வரை நடக்கிறார். பயிற்சி கொடுத்த பெண்மணியின் பொறுமைக்குத்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் காலையில் எழுந்து உட்கார அவருக்கு ஒரு காரணம் கொடுத்தவன் நீ.

மூர் மார்க்கெட் பெரியவர் எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பாவின் 78 சுழற்சி இசைத்தட்டுகளில் படர்ந்திருந்த பூஞ்சையைக் காய்ச்சி வடித்த நீராலும் மெல்லிய துணியாலும் துடைத்துக் கொடுத்தார். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பஸ் கட்டணம்கூட வாங்கவில்லை.

பல்லாவரம் ஐயா, எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்தச் சமாச்சாரத்தையே தலைமுழுகப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, நீங்கள் அறிவுரை சொல்லவில்லை. மதராஸ் மாகாண வானொலிச் சங்கத்தின் கதையைச் சொன்னீர்கள். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் இந்த நகரத்தில் தொடங்கிய சங்கம். 40 வாட் ஒலிபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1927-இல், பணமுடை வந்து நின்றுபோனது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930-இல் மாநகராட்சி அதே பணியைத் தொடங்கி, 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை நடத்தியது. "கொடுக்க வேண்டியிருந்தால் கொடு. கொடுப்பதும் இந்த ஊரில் நடந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னீர்கள். கை கழுவுவதும் அவமானமல்ல என்று ஒருவர் சொல்லிக் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பிறகு அந்த நாளும் வந்தது. கணக்கு வேலை நிலைபெற்று, அண்ணனின் பணத்தைத் தவணையில் அடைத்து, ஆம்ப்ளிஃபயரை வாங்கிக்கொண்டு, ஐயா, பல்லாவரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நேராக பிளக்கில் செருகப்போனவனைத் தடுத்தீர்கள். பல வருடம் மின்சாரம் பார்க்காத கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும், முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடிக்கலாம் என்றீர்கள். உங்கள் சீரிஸ் பல்பை எடுத்து வந்தீர்கள்: பலகையில் திருகிய ஹோல்டர், அதில் நூறு வாட் குண்டு பல்பு, அந்தப் பல்பின் வழியாகவே மின்சாரம் வரும் ஒரு சாக்கெட் பக்கத்தில். முதலில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை வைத்துப் படிப்படியாக ஏற்றினீர்கள். ஒவ்வொரு படியிலும் மீட்டரைப் பார்த்துக் காத்திருந்தோம். உங்கள் வீட்டு அம்மா இரண்டு தடவை காபி கொடுத்துவிட்டார். கடைசியில் சீரிஸ் பல்பின் வழியாக முழு மின்சாரம். பல்பு பளீரென்று எரிந்தது. அப்படியே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று பொருள். நாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கெப்பாசிட்டர்கள் நிறைய நிறைய ஒளி மங்கி, இழை மட்டும் சிவந்து, அதுவும் தணிந்தது. "பிழைத்துக்கொண்டது" என்றீர்கள். பாட்டுப் போடவில்லை. முதலில் ஸ்பீக்கரில் காதை வைத்து இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். இல்லை.

பழைய வேகம் எனக்குத் திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்றும் நான் தேடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு வருகிறேன். புதுக் கருவி எதுவும் வாங்கும் எண்ணமில்லை. அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தட்டின் ஒரு பக்கத்தைக் கேட்கிறேன், அவ்வளவு போதும். இந்த அளவோடு என்னை ஏற்றுக்கொண்டதற்கும் நன்றி.

இப்போது நம்மில் இரண்டு பேர் வருவதில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள். ஒருவரின் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டுச் சுழற்றி, என்னிடம் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றித் தனியாக உறையில் வைத்திருக்கிறேன், தட்டு தாங்கியைத் துணியில் சுற்றியிருக்கிறேன், கார்ட்ரிட்ஜில் முள்ளுக்கு மூடி போட்டாயிற்று. பரண்மேல் உயரமான இடத்தில்தான் இருக்கிறது, மழைக்காலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் கொடுத்த பணத்தைப் பற்றியும் பேச வேண்டாம். போன் செய்ய மனமில்லாவிட்டால் செய்ய வேண்டாம். வேண்டும் என்று தோன்றுகிற அன்று ஒரு வார்த்தை சொன்னால், நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். மற்றவர், உங்கள் வூஃபரின் ஓரத்து ஃபோம் உதிர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதைப் பழைய சாமான் வண்டியில் போட்டுவிடாதீர்கள். ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் கோன் கட்டுகிறவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கூலி என் கணக்கில்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கணக்குப்பிள்ளை