நுவரெலியாவின் சுற்றுலாத் தலங்களில் மலையகத் தொழிலாளர் வரலாற்றுக்கும் இடமளிக்கக் கோரும் மனு

பெறுநர்:
கௌரவ முதல்வர் அவர்கள்,
மாநகர சபை, நுவரெலியா.

அனுப்புநர்:
நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் பொதுமக்கள்.

கௌரவ முதல்வர் அவர்களே,

எமது நகரம் "குட்டி இங்கிலாந்து" என்ற பெயரில் உலகுக்கு அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆளுநர் கிரகரி 1873இல் அமைத்த வாவி, 1894இல் எழுந்த செங்கல் தபாலகம், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டான 1897இல் பெயர் பெற்ற பூங்கா ஆகியவற்றைக் காண வருவோரால் எமது மரக்கறிக் கடைகளும் முச்சக்கர வண்டிகளும் பிழைக்கின்றன என்பதை நன்றியுடன் ஏற்கிறோம்.

ஆனால், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை காடுவழியே நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து வந்து, முதலில் கோப்பியையும், 1869இல் தொடங்கிய இலைநோயால் அது அழிந்தபின் தேயிலையையும் வளர்த்த எம் முன்னோரைப் பற்றி, நாம் அறிந்தவரை, இத்தலங்களில் பயணிகளுக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. தெருவோரத் தேயிலை மலையில் வாகனத்தை நிறுத்தி, கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த நிற்கும் பெண்ணைப் படமெடுக்கிறார்கள். இவை வெள்ளைக்காரர் போட்ட தோட்டங்கள் என்று வழிகாட்டி விளக்கி முடிக்கிறார், அவள் மறுபடி நிரைக்குத் திரும்புகிறாள். அவளுடைய பாட்டனார் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார் என்பதும், அந்தக் குறை முற்றாகத் தீர 2003வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் அந்தப் பயணிக்குத் தெரிய வழியில்லை. இது எமக்கு மிகுந்த மனவேதனை தருகிறது.

ஆகவே வாவிக்கரையிலும் பூங்கா வாயிலிலும் இவ்வரலாற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கூறும் பலகைகளை நிறுவுமாறும், ஏப்ரல் வசந்த கால விழா மேடையில் எமது மரபுக் கூத்துகளான காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் ஒரு மாலையேனும் ஒதுக்குமாறும் பணிவன்புடன் வேண்டுகிறோம். தபாலகக் கட்டடத்தைச் சுற்றுலா விடுதியாக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததைத் தாங்கள் அறிவீர்கள். அது மக்களின் தபாலகமாகவே தொடர வேண்டும் என்பதே எமது நிலைப்பாடும்; அங்கே ஓர் அறையை இவ்வரலாற்றுக்கு ஒதுக்கும்படி அஞ்சல் திணைக்களத்துக்குத் தாங்கள் பரிந்துரைத்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பேணப்பட்டுவரும் பழைய பொருட்களையும் படங்களையும் தந்துதவ நாம் ஆயத்தமாக உள்ளோம்.

அடுத்த வசந்த காலத்துக்கு முன்னதாக எமது பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாளைக் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டப் பொதுமக்கள்.