என் கணவரின் தோளைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் கணவரின் வலது தோளில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைச் சிகிச்சையும் முடிந்து, இப்போது நலமாக இருக்கிறார். உதவியவர்களில் சிலரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவுக்கு. வெங்காய மூட்டை அழுத்தும் இடத்தில் வந்ததால் அதைச் சுமைக் காய்ப்பு என்றே எல்லோரும் சொன்னார்கள். வலியில்லை; வருடக்கணக்கில் மெல்ல வளர்ந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் கொழுப்புக் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். பணத்துக்கு ரசீது தந்தார்கள். கட்டி எங்கே போனது என்று சொல்லவில்லை. பிறகு அதே தழும்பில் கருஞ்சிவப்பாக இரண்டு முண்டுகள் எழும்பின. அக்கா அவற்றை விரலால் அசைத்துப் பார்த்தார். முண்டு தோலோடு ஒட்டிக்கொண்டு, தோலோடு சேர்ந்தே நகர்ந்தது. "அறுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்பினார்களா? ரிப்போர்ட் எங்கே?" என்றார். படித்த எத்தனையோ பேர் கேட்காத கேள்வி அது. அன்றே சீட்டு எழுதி, மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த நன்றி, அங்கே நோயியல் துறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் அமர்ந்திருந்தவருக்கு. பட்டாணி அளவுச் சதையை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிப் பார்த்தார்களாம். சிடி 34 என்ற புரதம் செல்களில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில்தான் சந்தேகம் தீர்ந்ததாம். டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரோட்டியூபரன்ஸ் என்று ரிப்போர்ட் வந்தது. பெயரைப் படிக்கவே மூச்சு வாங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிற, தோலில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுநோய். 1924-லேயே பிரான்சில் மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்களாம். நூறு வருடம் கழித்தும் கொழுப்புக் கட்டி என்று ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை மருத்துவரை என்ன சொல்லி வாழ்த்துவது! பேனாவால் என் கணவரின் தோளில் கட்டியைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அதற்கு வெளியே மூன்று சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. பெரிய கோட்டைப் பார்த்து இவர் முகம் வெளுத்துவிட்டது. "இது அருகம்புல் மாதிரி அப்பா. மேலே தெரிவது கொஞ்சம், தோலுக்கடியில் ஓடியிருப்பது அதிகம். வேரை விட்டால் மறுபடி முளைக்கும்" என்றார். நுரையீரலுக்கும் மற்ற இடங்களுக்கும் பரவுவது அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுக்காது. ஆகவே தசையின் மேலுறை வரை அகழ்ந்து எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அறுத்தெடுத்த சதையின் விளிம்புகளில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் வீட்டில் ஒழுங்காக உலை வைத்தேன். எடுக்க முடியாத நிலைக்குப் போனவர்களுக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறதாம், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வார்டில் இருந்த பயிற்சி மருத்துவப் பெண்ணுக்குத் தனியாக ஒரு நன்றி. என் மாமியார், மகன் மூட்டை தூக்கியதால் வந்த வினை என்றும், பேரப்பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்றும் அழுதுகொண்டே இருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பத்தா, செல்லுக்குள்ளே 17, 22 என்று இரண்டு குரோமோசோம்களில் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வந்தது இது. மூட்டை தூக்கியதால் இல்லை. பிள்ளைகளுக்கும் போகாது" என்று பொறுமையாகச் சொன்னார். அப்பத்தாவுக்குக் குரோமோசோம் விளங்கியதோ இல்லையோ, அன்று இரவு தூங்கினார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அலையவிடாமல் வருமானச் சான்று தந்த கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கும் நன்றி.

கடைசியாக மார்க்கெட் லோடுமேன் அண்ணன் தம்பிகளுக்கு. இவர் படுத்திருந்த காலமெல்லாம் இவர் பங்கு மூட்டையை நீங்கள் தூக்கி, கூலியில் இவர் பங்கைப் பிரித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினீர்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோளைக் காட்டி வர வேண்டும். கனமான மூட்டை கூடாது என்பதால் கமிஷன் கடையில் எடை போடும் வேலைக்குப் போகிறார். நீங்கள் கொடுத்ததையெல்லாம் மொய் நோட்டில் பெயர் பெயராக எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் காதுகுத்து, கல்யாணம் எதற்கும் எங்களுக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டுவிடாதீர்கள்.