அந்த 60-ஐ முதலில் எழுதுங்கள்: வானிலை அலுவலர்களுக்கு ஒரு வாழை விவசாயியின் மடல்

காற்று அறிவிப்பு எழுதும் வானிலை அலுவலர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறவன் எழுதுகிறேன். மழையைப் பற்றி நீங்கள் சொல்வது வருஷத்துக்கு வருஷம் தெளிவாகிக்கொண்டே வருகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. காற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும் என்று அறிவிப்பு வரும். கேட்கிறவர் மனசில் நிற்பது முதலில் வருகிற 40தான். அது சில நிமிடங்களுக்கு எடுத்த சராசரி. கடைசியில் வருகிற 60, இரண்டு மூன்று விநாடி அடித்துவிட்டுப் போகிற வீச்சு, வாழையைச் சாய்ப்பது அதுதான். வேகம் 40-லிருந்து 60 ஆனால் காற்று தள்ளுகிற விசை இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. குலை தள்ளிய வாழையோ உச்சியில் அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு, ஆழம் போகாத வேரை நம்பி நிற்கிறது. தண்டு என்று நாம் சொல்வதுகூட இலை மட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியதுதான், மரம் இல்லை. அந்தப் பெரிய எண்ணை முதலில் எழுதுங்கள், அப்புறம் சராசரியைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எந்தக் காற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து நெருக்கிக்கொண்டு பாய்கிற மேல்காற்று நாள்கணக்கில் வீசும், முப்பந்தல் காற்றாலைகள் ஓடுவதே அதனால்தான். திசை தெரிந்த காற்று, முன்கூட்டியே கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்துவிடுவோம். சித்திரை வைகாசியில் கோடை மழையோடு வருகிற சூறைக்காற்று அப்படி இல்லை. இடிமேகத்திலிருந்து விழுகிற மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி அங்கிருக்கும் காற்றைக் குளிரவைக்க, கனத்துப்போன அந்தக் காற்று சரிந்து விழுந்து தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. மேகம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும். மழைக்கு முன்னாலேயே வந்துவிடும், சில சமயம் மழையே இல்லாமல் காற்று மட்டும் வரும். ஒரு தோட்டம் முழுக்கப் படுத்துக் கிடக்கும், பக்கத்து ஊரில் ஒரு இலைகூடக் கிழிந்திருக்காது.

இது எந்த ஊரில் அடிக்கும் என்று முந்தைய நாளே சொல்ல முடியாது, தெரியும். கணினி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணிக்கிறது, செல்போனில் தெரிகிற எண் அப்படி ஒரு பெரிய கட்டம் முழுவதற்குமானது. 2025-ல் வந்த பாரத் முன்கணிப்பு முறைகூட 6 கி.மீ. கட்டம்தான். ஆனாலும் நாளை சூறைக்காற்றுக்கு வாய்ப்பு என்று சொன்னாலே எங்களுக்குப் பயன் உண்டு, அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் விடுவோம், ஈர மண்ணில் வேர்ப்பிடிப்பு தளர்ந்துபோகும். அப்புறம் மதியம் மலைமேல் மேகம் திரண்ட பிறகு அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வருகிறதே, அது மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. கடலோரத்து உவரியும் மலையடியில் இருக்கும் களக்காடும் ஒரே மாவட்டம்தான், அதற்காக ஒரே காற்றா? ராடாரில் மேகம் நகர்வது உங்களுக்குத் தெரிகிறது. எந்த ஒன்றியத்தை நோக்கிப் போகிறது, வீச்சு எவ்வளவு இருக்கலாம் என்று இரண்டு வரி போதும், அதையும் குரல் அழைப்பாக அனுப்புங்கள், தோட்டத்தில் நிற்கிறவர் குறுஞ்செய்தி பார்க்க மாட்டார். ஒரு மணி நேரம் கிடைத்தால் தோட்டம் முழுக்க முட்டுக் கொடுக்க முடியாதுதான். ஆனால் தளர்ந்த கயிறுகளை இழுத்துக் கட்டலாம், ஆட்களை வெளியே கூப்பிடலாம்.

செவ்வாய், வெள்ளிகளில் வருகிற வேளாண் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் வீச்சுக்கும் ஓர் இடம் கொடுங்கள். தானியங்கி நிலையங்களில் பதிவான அன்றைய உச்ச வீச்சை ஊர்ப்பெயரோடு சாயங்காலமே வெளியிடுங்கள். எங்கள் முட்டு 50-ஐத் தாங்கியதா, 65-ல் விழுந்ததா என்று நாங்களே பார்த்து, அடுத்த நடவுக்கு எந்தக் கனத்தில் கம்பு வாங்குவது என்று முடிவு செய்துகொள்வோம்.