சவாரிக் குதிரை உரிமையாளர் சங்கம், கொடைக்கானல்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஏரிச்சாலைச் சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் பணமும் உழைப்பும் பெரும்பாலும் போனது மேய்ச்சல் நிலத்துக்குத்தான் என்பதால் நேராக அங்கே வருகிறேன்.

சவாரி முடிந்ததும் குதிரையை ரோட்டில் அவிழ்த்துவிடும் பழக்கத்தை நிறுத்தத்தான் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். பனிமூட்டத்தில் வரும் வேன்காரர் கண்ணுக்குக் கறுப்புக் குதிரை தெரியாது. குப்பைத் தொட்டியில் வாய் வைத்தால் சோற்றோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. போனது போனதுதான், அப்புறம் வயிற்றுவலியில் உருளும்.

நிலம் கிடைத்தபோது சுற்றிலும் பழைய முள்கம்பி இருந்தது. மாட்டுக்கு அது சரி. குதிரை மிரண்டால் கம்பி என்று பார்க்காமல் பாயும், சிக்கினால் இன்னும் வேகமாக இழுக்கும். மழைக்காலத்தில் காட்டுமாட்டைக் கண்டு மிரண்ட ஒரு மட்டக்குதிரை முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. முட்டிக்குக் கீழே சதைப்பிடிப்பு இல்லை, தோலும் நரம்பும் எலும்பும்தான். புண் ஆறுவதற்குள் சீசனே போய்விட்டது. முள்கம்பியை மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிட்டுச் சீகைக் கட்டைகளைக் குறுக்கே அடித்தோம். மேல்கட்டை குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது, ஆணி முனை எதுவும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. செலவு அதிகம் என்று சிலர் முணுமுணுத்தீர்கள், பொருளாளர் உட்பட. அந்த ஒரு காலுக்கான வைத்தியச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணம் விழுந்த மண்ணிலேயே இருக்கும். குளம்பில் ஒரு ஆணிக் குத்து போதும். தடுப்பூசி போடாத குதிரைகள் இன்னும் சில இருக்கின்றன. உரிமையாளர் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

சாணத்தை அள்ளுவது நல்லபடியாக நடக்கிறது. பூம்பாறைப் பக்கத்துப் பூண்டுத் தோட்டக்காரர்களே வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போகிறார்கள். நிலத்தில் குடற்புழுத் தொல்லையும் குறையும். ஆனால் பதிலுக்கு அவர்கள் கொட்டிவிட்டுப் போகும் பூண்டுத்தாளைத் தீவனமாகப் போட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அதிகமானால் குதிரைக்கு ரத்தசோகை வரும். கேரட் தரலாம், வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

ஒரு குதிரை நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். ஜனவரி உறைபனியில் தொட்டியின் மேல் ஏடு கட்டினால் காலையில் முதலில் போகிறவர் உடைத்துவிட வேண்டும். இதற்கு முறை வைத்தும் பாதிப் பேர் வருவதில்லை.

கடைசியாக, தளை. வேலி வந்த பிறகும் சிலர் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். நாயோ சிறுத்தையோ வந்தால் அந்தக் குதிரை எப்படி ஓடும்? மேய்ச்சல் நிலத்துக்குள் தளை கூடாது என்ற தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்