பட்டறை அடுப்பில் கவனிக்க வேண்டியது புகைக்குழாயை

ஆசிரியர் அவர்களுக்கு,

உறைபனிக் காலத்தில் உதகை, கோத்தகிரி பக்கத்துப் பட்டறைகளில் பழைய டிரம்மை வெட்டி விறகடுப்பு செய்துகொள்கிறார்கள். விரல் விறைத்தால் உளி பிடிக்க முடியாது, அடுப்பு வேண்டியதுதான். ஆனால் கவனமெல்லாம் அடுப்புக்கே போய், புகைக்குழாய் கையில் கிடைத்த தகரத்தில் முடிந்துவிடுகிறது.

டிரம் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான், அடி சீக்கிரம் அரித்துவிடும். 5 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்து, உள்ளே தீச்செங்கல் பரப்புவது நல்லது. காலி கேஸ் சிலிண்டரை வெட்டும் யோசனையே வேண்டாம்.

குழாய் 6 அங்குல விட்டம் என்றால் அடுப்பில் புகை வெளியேறும் வாயிலிருந்து உச்சி வரை 6 அங்குலமே இருக்கட்டும். இணைப்பில் மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். புகை கசியும் என்று பலர் இதைத் தலைகீழாக மாட்டுகிறார்கள். குழாய் புகையை மேலே இழுக்கும் இழுப்பு சரியாக இருந்தால் புகை கசியாது. தலைகீழாக மாட்டினால், குழாயின் உட்சுவரில் வழியும் கருந்தார் இணைப்பு வழியே வெளியே சொட்டும். சரியாக மாட்டியிருந்தால் அது அடுப்புக்கே திரும்பி எரிந்துவிடும். இணைப்புக்கு மூன்று திருகு போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் அடுப்பை ஒட்டிய சூட்டுக்கு ஆகாது. துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சலை வெல்டிங்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் 18 அங்குலம் இடைவெளி வேண்டும். அடுப்புக்கும் மரச்சுவருக்கும் 3 அடி. கூரையைத் தாண்டி 3 அடியாவது குழாய் நிற்க வேண்டும். 10 அடிக்குள் உயரமான முகடோ சுவரோ இருந்தால், அதைவிட 2 அடி கூடுதல். இல்லாவிட்டால் காற்று புகையைக் கீழே தள்ளும்.

பலரும் யோசிக்காத விஷயம் எக்ஸாஸ்ட் ஃபேன். கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாகக் குழாய் வழியே புகையும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே இறங்கும். அந்த வாயுவுக்கு மணமில்லை; முதலில் தலைவலி, பிறகு குமட்டல். அடுப்புக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, மூட முடியாத காற்றுத் துவாரம் ஒன்று வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள்; புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. புகைபோக்கியே இல்லாத கரிச்சட்டியை மூடிய அறையில் வைப்பது தற்கொலைக்குச் சமம்.

நன்றாகக் காய்ந்த சீகை (வாட்டில் மரம்), தேயிலை மிலார் (தேயிலைச் செடியின் குச்சி) போடலாம். பச்சை விறகு தாரைத்தான் சேர்க்கும். குழாயில் அது 3 மி.மீ. கனம் ஏறுமுன் சுரண்டிவிட வேண்டும். விட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். பிளைவுட் துண்டும் பெயின்ட் அடித்த மரமும் அடுப்புக்கு ஆகாது. தின்னர் திறக்கும் நாளில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு மறுநாளும் உயிரோடிருக்கும். அதை மரத்தூள் மூட்டைப் பக்கம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

– பட்டறைத் தொழிலாளர்கள், உதகை